பத்திரிகையில் வெள்ளைக் கோடு: உங்களுக்கும் நேர்ந்ததா?

பழைய வண்ணாரப்பேட்டை, டிடிபி சென்டர்:

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை செய்தேன். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணனின் மகள் கல்யாணம். அட்டையில் சிக்குக் கோலம், நடுவில் குத்துவிளக்கு. கோலத்தின் ஒவ்வொரு அறையையும் குங்குமச் சிவப்பால் நிரப்பி, ஒட்ட ஒட்ட அடுக்கியிருந்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் தெரியவில்லை. பிடிஎஃப்பை வாட்ஸாப்பில் அனுப்பிய பத்தாவது நிமிடம் போன் வந்தது. "இன்னா தம்பி, வெளக்கு விரிசல் வுட்டா மாதிரி கீதே?"

நல்ல காரியத்துக்கு அடிக்கும் பத்திரிகையில் விளக்கு விரிசல் என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? நேரே போய் அவர் போனைப் பார்த்தேன். துண்டும் துண்டும் சேரும் இடமெல்லாம் மயிரிழை வெள்ளைக் கோடு. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். விளக்கு பெரிதாகிறது, கோடு மட்டும் அதே பருமனில் நிற்கிறது. நிஜமான இடைவெளி என்றால் அதுவும் கூடவே பெரிதாகியிருக்க வேண்டும். அப்போதுதான் படத்தில் கோளாறு இல்லை, காட்டும் விதத்தில்தான் என்று பிடிபட்டது.

விஷயம் இதுதான். இரண்டு வடிவம் சேரும் ஓரம் ஒரு பிக்சலின், அதாவது திரையின் ஒரு சின்னப் புள்ளியின், நடுவே விழுகிறது. முதல் வடிவம் பாதியை மூடுவதால், வியூவர் (பிடிஎஃப்பைத் திறந்து காட்டும் மென்பொருள்) அந்தப் பிக்சலைப் பாதிச் சிவப்பு, பாதி வெள்ளை என்று கலந்துவிடுகிறது. அடுத்த வடிவம் மூட வேண்டியது மிச்சப் பாதியை. ஆனால் எந்தப் பாதி என்ற கணக்கை வியூவர் வைத்துக்கொள்வதில்லை. இருக்கிற நிறத்தின் மேல் 50 சதவீதம் பூசுகிறது. வெள்ளை 25 சதவீதம் தங்கிவிடுகிறது. பிடிஎஃப்பை வரைந்து காட்டும் மென்பொருளும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை: குரோமில் இருப்பது பிடிஎஃபியம், ஃபயர்ஃபாக்ஸில் பிடிஎஃப்.ஜேஎஸ், லினக்ஸில் எவின்ஸ், ஒகுலர் இரண்டுக்கும் பாப்ளர். ஓரத்தை எப்படி மென்மையாக்குவது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. நான் பார்த்தது அக்ரோபேட் என்ற வியூவரில். அதில் ஓரத்தை மென்மையாக்கும் 'ஸ்மூத் லைன் ஆர்ட்' அமைப்பு அணைந்திருந்தது, அதனால்தான் எனக்குக் கோடு தெரியவில்லை.

"அச்சில் வராதுண்ணே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அது நியாயமில்லை. இப்போது பாதிச் சொந்தக்காரர்கள் பத்திரிகையைப் பார்ப்பதே போனில்தான். கோலத்துக்கு அடியில் முழுசாக ஒரே சிவப்பு வடிவம் ஒன்றைப் போட்டு, துண்டுகளையும் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிட்டேன். மிச்சம் தெரிவதும் இப்போது சிவப்புதானே.

கொருக்குப்பேட்டை, ஆஃப்செட் பிரஸ்:

உங்களுக்குத் திரையில் வந்தது அச்சில் வராது. எனக்கு நேர் எதிர். வியாசர்பாடி பசங்களின் ஃபுட்பால் டோர்னமெண்ட் போஸ்டர், 1000 பிரதி. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் தேதி. போனில், லேப்டாப்பில், எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்தது. மெஷினில் ஓடி வந்த முதல் தாளில் தேதியே இல்லை.

அந்த எழுத்து முதலில் கறுப்பாக இருந்து, அதற்கு ஓவர்பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். அப்புறம் நிறத்தை மட்டும் வெள்ளையாக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்கு மை கிடையாது, ஓவர்பிரிண்ட் என்றால் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம். பிளேட் போட்ட மெஷின் சொன்னதைச் செய்தது. பல வியூவர்கள் ஓவர்பிரிண்ட்டைக் கண்டுகொள்வதே இல்லை. அன்றிலிருந்து அக்ரோபேட்டில் ஓவர்பிரிண்ட் பிரிவியூ போட்டுப் பார்க்காமல் ஒரு பிளேட்டும் போடுவதில்லை. அந்தப் பசங்க சீட்டு சீட்டாகக் காசு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். மறுபடி அடித்த தாளுக்கு நான் பணம் வாங்கவில்லை.

ராயபுரம், ஆராய்ச்சி மாணவி:

அண்ணா, இதே வெள்ளைக் கோடு என் ஆய்வறிக்கையிலும் வந்தது. எண்ணூர்க் கழிமுக நீரின் உப்புத்தன்மை வரைபடம், மேட்பிளாட்லிப் என்ற வரைபட மென்பொருளில் போட்டது. பக்கத்திலிருந்த நிறப்பட்டை முழுக்க ஏணிப்படி மாதிரி கோடுகள். தரவில் தவறோ என்று இரண்டு நாள் தேடினேன். பிறகு பார்த்தால் மேட்பிளாட்லிப் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: சில வியூவர்கள் நிறப்பட்டைத் துண்டுகளுக்கு நடுவே வெள்ளை இடைவெளி காட்டும், அது வியூவரின் பிழை என்று. ஒவ்வொரு துண்டின் விளிம்புக்கும் அதன் நிறத்தையே கொடுத்தால் போதும், சரியாகிவிட்டது.

திருவொற்றியூர், பிளான் போடுபவர்:

நான் பட்டது கோட்டின் பருமனில். பருமன் 0 என்று வைத்தால், மெஷினால் முடிந்த மிக மெல்லிய கோடு என்பது பிடிஎஃப் விதி. திரையில் அது ஒரு பிக்சல், எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்ணுக்குத் தெரியும். அங்குலத்துக்கு 1200 புள்ளி வைக்கும் (1200 டிபிஐ) பிரிண்டரில் அதே கோடு 0.02 மில்லிமீட்டர். மாடிப்படி வரைந்த தாளை மேஸ்திரியிடம் கொடுத்தேன். "படியே இல்லியே சார்" என்றார். இப்போது எதுவும் 0.25 பாயிண்டுக்குக் கீழே வைப்பதில்லை.

கொருக்குப்பேட்டை, ஆஃப்செட் பிரஸ்:

காசிமேட்டு அண்ணன் ஒத்துக்கொண்டாரா?

பழைய வண்ணாரப்பேட்டை, டிடிபி சென்டர்:

திருத்தியதை அனுப்பாமல் நானே எடுத்துப்போனேன். அவர் போனில் ஒருமுறை, அண்ணி போனில் ஒருமுறை, பையன் லேப்டாப்பில் ஒருமுறை திறந்து காட்டினேன். அண்ணி விளக்கின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப நல்லாக்கீது, அடிச்சிடு" என்றார்கள்.