மெத்தை வாங்கிய அனுபவம்: கடையில் உட்கார்ந்து பார்த்தோம், படுத்துப் பார்க்கவில்லை

கெடிலக்கரை (கடலூர்)

சென்ற ஆவணியில் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் அம்மாவுக்கு 6 அங்குல ரப்பர் நார் மெத்தை வாங்கினேன். அம்மாவுக்கு வயது 72. இடுப்பு வலி பல ஆண்டுகளாக உண்டு. அதற்குக் கெட்டியான மெத்தைதான் ஏற்றது என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் சொன்னதால் இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்டு வாங்கினேன். பத்து நாள் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, புது மெத்தை விரிப்புகூடக் கலையாமல் கட்டிலின்மேல் இருக்க, அம்மா கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த பழைய பஞ்சு மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்திருந்தார். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் மரத்துப் போகின்றனவாம். பதினோராயிரம் கொடுத்து வாங்கிய பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாராம்.

கடையில் அவர் படுத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றும் என்னை அரிக்கிறது. விற்பனையாளர்கள் இருவர் எதிரே நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெருவே நடந்துகொண்டிருந்தது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கால்களும் தரையில் பட, ஓரத்தில் உட்கார்ந்தார். ஒருவர் முஷ்டியால் மெத்தையைக் குத்திக் காட்டினார். "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் அம்மா. நான் பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதலியார்பேட்டைக்காரன்

ஐயா, கெட்டியான மெத்தையின்மேல் பழி போட வேண்டாம். நான் நேர்மாறாகச் செய்து அவதிப்பட்டவன். நாசாவுக்காக 1966-இல் விமான இருக்கைகளுக்கென உருவாக்கப்பட்ட நுரை என்ற விளம்பரத்தைப் படித்து, 8 அங்குல மெமரி ஃபோம் மெத்தையை இணையத்தில் வாங்கினேன். விளம்பரம் சொன்னது உண்மைதான். ஆனால் புதுச்சேரியின் மே மாதத்தில், மின்சாரம் இல்லாத இரவில், யாரும் அந்த இருக்கையில் எட்டு மணி நேரம் படுத்திருக்கவில்லையே! உடம்புச் சூட்டில் இளகுவது அந்த நுரையின் குணம்; இளகிய பள்ளத்துக்குள் சூடும் தேங்குகிறது. அன்றிரவு வியர்த்து எழுந்து விளக்கைப் போட்டபோது, தோள், இடுப்பு, குதிகால் என்று என் உருவம் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல நிரம்பியது. இறந்தவனை எடுத்துச் சென்ற இடம் போலிருந்தது என்று என் மனைவி சொன்னதை நான் மறக்கவில்லை. பலகை போன்ற படுக்கையே முதுகுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னது வீண்பேச்சன்று.

மஞ்சக்குப்பம் கணக்கு

"40 டென்சிட்டி" என்று பில்லில் எழுதிக் கொடுத்த 72-க்கு 36 அங்குல ஃபோம் மெத்தை, தடிமன் 4 அங்குலம், ஏழே மாதத்தில் நடுவில் குழிந்துவிட்டது. டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் நுரையின் எடை கிலோ கணக்கில் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த அளவு மெத்தையின் கனஅளவு சுமார் 0.17 கனமீட்டர், அப்படியானால் நுரை மட்டுமே 6 கிலோ 800 கிராம் இருக்க வேண்டும். சந்தேகம் தாங்காமல், மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அரிசி மண்டிக்குப் போனேன். மூட்டை நிறுக்கும் தராசில் உறையோடு சேர்த்து 4 கிலோ 750 கிராம் காட்டியது. மண்டிக்காரர் இன்னொரு முறையும் நிறுத்துவிட்டு, "நீங்கள் வாங்கியது மெத்தையா, காற்றா?" என்று கேட்டார். கடைக்காரர் மாற்றித் தரவில்லை.

லாஸ்பேட்டை ஆசிரியை

முதலியார்பேட்டை சகோதரருக்கு: பலகைதான் நல்லது என்று முடித்துவிடாதீர்கள். நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. கெடிலக்கரை ஐயாவின் அம்மா ஆய்வு எதுவும் படிக்காமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மல்லாந்து படுத்து, இடுப்பு வளைவுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் புகுந்து இடைவெளியும் மிஞ்சினால் மெத்தை உங்களுக்கு மிகக் கெட்டி. கையை நுழைக்கவே முடியாவிட்டால் மிக மெத்து. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் சற்று உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் முதுகெலும்பு நேராக நிற்கும். அதை நீங்களே பார்க்க முடியாது. உடன் வந்தவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். 50 கிலோ உள்ளவருக்குக் கெட்டியாகத் தோன்றும் அதே மெத்தை 90 கிலோ உள்ளவருக்கு மெத்தென்றிருக்கும் என்பதால், பக்கத்து வீட்டாரின் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுத் தலையணையையும் கடைக்குக் கொண்டுபோங்கள். கால் மணி நேரமாவது எழாமல் படுத்திருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் மெத்தையை வெறுந்தரையில் போட்டால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சட்டம் வைத்த கட்டிலாக இருந்தால் அடியில் காற்றோடும்.

என் அனுபவத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மாமனார் வீட்டுப் பழைய தேக்குக் கட்டிலை அளக்காமல் மெத்தை வாங்கியதில், அது ஒரு பக்கம் 3 அங்குலம் வெளியே தொங்குகிறது.

முதுநகர் பழையவர்

ஃபோம், ரப்பர் நார் என்றே பேசுகிறீர்கள். இலவம்பஞ்சை ஒருவரும் நினைக்கவில்லை. 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாடியிலிருந்து இறங்கிப் பார்த்தபோது, ரப்பர் நார் மெத்தை ஊறிப் போய்க் கட்டிலோடு கிடந்தது. போடியிலிருந்து பஞ்சு வரவழைத்துத் தைத்த என் தாயார் காலத்து மெத்தை கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது, அதன்மேல் எங்கள் பூனை உட்கார்ந்திருந்தது. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக இருப்பதாலும் மேலே மெழுகுப் பூச்சு உள்ளதாலும் தண்ணீர் எளிதில் ஏறாது. அந்தக் காலத்து உயிர்காப்பு அங்கிகளிலேயே அதைத்தான் அடைத்தார்கள். உறையைப் பிரித்து நாலு நாள் வெயிலில் காயவைத்து, பஞ்சைக் கோதி, கொஞ்சம் புதுப்பஞ்சும் சேர்த்துத் தைத்துப் போட்டோம். இன்றும் அதில்தான் படுக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் போடாவிட்டால் கட்டி தட்டும், நடுவில் ஒதுங்கும்; அது மெய்தான். முன்பு தெருத்தெருவாக வந்து மெத்தை தைத்தவர்கள் இப்போது வருவதில்லை என்பதே என் கவலை.

கெடிலக்கரை (கடலூர்)

ஆசிரியை அம்மாவின் கை வைக்கும் சோதனையை நேற்று அந்த மெத்தையிலேயே செய்து பார்த்தோம். அம்மாவின் இடுப்புக்கடியில் என் கை தாராளமாகப் போய் வந்தது. மறுபடி கடைக்கு வர அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில் போகிறோம். தாம் படுத்திருக்கும் வரை கடைக்காரப் பிள்ளைகள் இருவரும் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. தலையணையை இன்றே துணிப்பையில் எடுத்து வைத்துவிட்டார்.