கடைசித் தெருக் குழாயில் குளோரின் வரவில்லை

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் 1 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. தினமும் 400 கிராம் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். தொட்டியடித் தெருவில் வாடை தூக்குகிறது. கடைசித் தெருத் தண்ணீரில் சோதனை மருந்து விட்டால், குளோரின் இருப்பதைக் காட்டும் மஞ்சள் நிறமே வருவதில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில் 1: வேண்டாம். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கு சரிதான். ஆனால் அது 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. வாய் கட்டாத மூட்டையில் ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டவும் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊற்றுங்கள். பிறகு அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

பதில் 2: தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்றும் பாருங்கள், அடிச்சேறே குளோரினைத் தின்றுவிடும். கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் நின்றாக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு வரவில்லையென்றால், சாக்கடைக்குள்ளே புகுந்து போகும் வீட்டுக் குடிநீர் இணைப்புகளைத் தோண்டிப் பாருங்கள். தண்ணீரை நிறுத்தியதும் விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே ஏறும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், வயிற்றுப்போக்கு தொடங்குவது அங்கேதான்.

கேள்வி கேட்டவர்: மாதிரி எப்போது எடுப்பது?

பதில் 1: தண்ணீர் வந்து சில நிமிடம் ஓடவிட்ட பின். குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை எடுத்தால் தப்பாகக் காட்டும்.