சுழலும் ரேடார் இனியும் தேவையா?

வான்நோக்கி:
விமானங்களைக் கண்காணிக்க ஏ.டி.எஸ்-பி வந்த பிறகும் ரேடாருக்கு ஏன் காசைக் கொட்டுகிறார்கள்? நெடுந்தூர ரேடார் ஒரு சுற்று சுற்றி வர 10, 12 நொடி ஆகும். ஏ.டி.எஸ்-பி கருவி உள்ள விமானம், ஜி.பி.எஸ்ஸில் அறிந்த தன் இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு முறை தானே சொல்லிவிடும். 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக நடுக்கடலிலும் அது கேட்கிறது. அங்கே எந்த ரேடார் எட்டும்?

பழைய ஆன்டெனா:
"தானே சொல்லிவிடும்" என்கிறீர்களே, வம்பே அதில்தான். ஜி.பி.எஸ்ஸை யாராவது ஏமாற்றினால் விமானம் தப்பான இடத்தை அடித்துச் சொல்லும். 1090 மெகாஹெர்ட்ஸில் போகும் அந்தச் செய்திக்கு மறையாக்கம் கிடையாது. அனுப்பியது யார் என்று சரிபார்க்கவும் அதில் வழியில்லை. போர்ப் பகுதிகளை ஒட்டிப் பறக்கும் விமானிகளைக் கேட்டுப் பாருங்கள்.

வான்நோக்கி:
இரண்டாம்நிலை ரேடார் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 1030 மெகாஹெர்ட்ஸில் அது கேட்க, விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி பதில் சொன்னால்தான் உண்டு. 2014-இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370-இன் டிரான்ஸ்பாண்டர் அடங்கியதும் கட்டுப்பாட்டாளரின் திரையிலிருந்து விமானமே மறைந்துவிட்டதே!

பழைய ஆன்டெனா:
மறைந்தது உண்மை. ஆனால் அது மேற்கே திரும்பிப் போன தடம் மலேசிய ராணுவத்தின் முதன்மை ரேடாரில் பதிவாகியிருந்தது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலைக்கு எவருடைய ஒத்துழைப்பும் வேண்டாம். இரண்டாம்நிலையையும் ஏ.டி.எஸ்-பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அடையாளத்தையும் உயரத்தையும்தான் விமானம் சொல்கிறது. திசையையும் தூரத்தையும் ரேடாரே அளந்துகொள்கிறது. இதில் ஜி.பி.எஸ்ஸுக்கு வேலையே இல்லை.

சிக்னல்பித்தன்:
மல்டிலேட்டரேஷனை இருவருமே விட்டுவிட்டீர்கள். அதே 1090 சிக்னல் பல தரை நிலையங்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தே விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். சொல்வது ஓரிடம், கணக்கில் வருவது வேறிடம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். சுழலும் ஆன்டெனாவும் தேவையில்லை.

பழைய ஆன்டெனா:
நல்ல யோசனைதான். டிரான்ஸ்பாண்டரை அணைத்தால் அதுவும் செவிடு. நடுக்கடலில் நிலையத்தை எங்கே நடுவீர்கள்?

வான்நோக்கி:
நடுக்கடலில் உங்கள் ரேடாரும்தான் இல்லை! சரி, முதன்மை ரேடார் நெரிசலான விமான நிலையங்களைச் சுற்றி இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. வழித்தட இரண்டாம்நிலை ரேடார்களைப் படிப்படியாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிக்னல்பித்தன் சொன்னதைப் போடலாம்.

பழைய ஆன்டெனா:
முதலில் போடுங்கள். ஜி.பி.எஸ் குழம்பும் வானத்தில் அது சில வருடம் தாக்குப்பிடிக்கட்டும். கழற்றுவதை அப்புறம் பேசலாம்.