பைக் திருடு போனதற்கு சி.எஸ்.ஆர். (மனு வாங்கியதற்கான ரசீது) மட்டும்தான் கொடுத்தார்கள். சென்னை போலீஸில் யாருக்கு மேல் யார், எங்கே போய்க் கேட்பது?

மழைத்தூறல் (கேள்வி)

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் தம்பியின் பைக் ராத்திரியோடு ராத்திரியாகத் திருடு போய்விட்டது. அவன் உணவு டெலிவரி வேலை பார்ப்பவன், வண்டி ஓடாத நாளில் அவனுக்குச் சம்பாத்தியம் கிடையாது. விடிந்ததும் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடினோம். "உங்க தெருவுல இடது பக்கம்தான் எங்க லிமிட், வலது பக்கம் அடுத்த ஸ்டேஷன்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஸ்டேஷனில் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, 'திருடிச் சென்றுவிட்டார்கள்' என்ற வரியை விட்டுவிட்டு 'நிறுத்திய இடத்தில் காணவில்லை' என்று வேறு தாளில் எழுதித் தரச் சொன்னார். அப்போது எனக்கு வித்தியாசம் புரியவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன். கையில் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது.

இன்ஷூரன்ஸில் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஃபைலையே எடுக்க மாட்டோம் என்கிறார்கள். ஐந்து முறை ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன், ஐந்து முறையும் இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்பதுதான் பதில்.

ஸ்டேஷனுக்கு மேலே யார், அவருக்கு மேலே யார், மேலே போய்ச் சொன்னால் தம்பிக்கு ஏதாவது தொந்தரவு வருமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். 2015 வெள்ளத்தில் எங்கள் பாட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறக்கியது ஒரு கான்ஸ்டபிள்தான். அதே துறை எங்களை மாதிரி ஆட்களிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று உண்மையிலேயே புரியவில்லை.

ஏட்டையா_மகள்

அண்ணா, என் அப்பா இந்த நகரத்தில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னை ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று தனித்தனியாக இருப்பார்கள். போக்குவரத்து அதற்கும் தனி. உங்களுடையது திருட்டு, நீங்கள் தேட வேண்டியது கிரைம் இன்ஸ்பெக்டரை. ஐந்து முறையும் வாசலில் பாராவில் இருந்தவரிடம் பொதுவாக "இன்ஸ்பெக்டர் இருக்காரா" என்று கேட்டிருப்பீர்கள், அவர் லா அண்ட் ஆர்டர் இன்ஸ்பெக்டரை நினைத்துப் பதில் சொல்லியிருப்பார். சில ஸ்டேஷன்கள் சேர்ந்தது ஒரு சரகம், அதற்கு ஏ.சி. (உதவி கமிஷனர்). சரகங்கள் சேர்ந்தது ஒரு காவல் மாவட்டம், அடையாறு, மயிலாப்பூர், புளியந்தோப்பு என்று, அதற்கு டி.சி. (துணை கமிஷனர்). அதற்கு மேல் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜே.சி. (இணை கமிஷனர்). அப்புறம் கூடுதல் கமிஷனர்கள், எல்லாருக்கும் மேலே வேப்பேரியில் கமிஷனர். நீங்கள் ஆவடி, தாம்பரம் பக்கம் என்றால் 2022 ஜனவரியிலிருந்து அவை தனிக் கமிஷனரேட், வேப்பேரிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புறநகரை 2008-இல் பிரித்தார்கள், 2011-இல் சேர்த்தார்கள், மறுபடி பிரித்திருக்கிறார்கள். எந்தத் தெரு யாருடைய லிமிட் என்பதில் இவ்வளவு குழப்பம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த 'காணவில்லை' விஷயத்துக்கு வருகிறேன். மாதாந்திரக் கூட்டத்தில் போன மாதம் எத்தனை திருட்டு, இந்த மாதம் எத்தனை, எத்தனை பிடித்தாய் என்றுதான் கேட்பார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அது கணக்கில் ஏறும், பிடிக்கவில்லை என்றால் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு, அந்தத் திட்டு ரைட்டர் தலையில் இறங்கும். சி.எஸ்.ஆரோடு நிறுத்திவிட்டால் கணக்கில் திருட்டே நடக்கவில்லை. இது தப்பு, இதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ரைட்டர் உங்கள் மேல் உள்ள கோபத்தில் செய்யவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா காலத்தில் ஒரு கான்ஸ்டபிள் பத்து வருடத்தில் முதல்நிலைக் காவலர், பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. அப்பா அந்த இருபத்தைந்து வருடமும் வார லீவு என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. அதற்கு அரசாணை வந்ததே 2021-இல்தான். என் காதுகுத்துக்கு யூனிஃபார்மோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வி.ஐ.பி. போகிற ரோட்டில் நிற்கப் போனார். அதிகாரிகள் வீட்டில் ஆர்டர்லியாக நாய் பார்த்துக்கொள்ளவும் காய்கறி வாங்கவும் போன காவலர்களைப் பற்றி 2022-இல் உயர் நீதிமன்றமே அவ்வளவு கடுமையாகப் பேசியது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மனுஷனாக நடத்தாத இடத்தில், கடைசியில் கவுண்டருக்கு வெளியே நிற்கும் நீங்கள்தான் அதை வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள்.

எழும்பூர்_வக்கீல்

முதலில் உங்கள் பைக்கைப் பார்ப்போம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரும் புலன்விசாரணை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, அது மாஜிஸ்திரேட்டுக்கும் போகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு பிறக்கும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அதனால்தான் உங்களை 'காணவில்லை' என்று எழுத வைத்தார்கள், திருட்டு என்ற சொல் இல்லாவிட்டால் மனுவில் குற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

'எங்க லிமிட் இல்லை' என்பதும் இப்போது செல்லாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், அவர்கள் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சிலவகைக் குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அந்தச் சாக்கைச் சொன்னாலும் உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது.

செய்ய வேண்டியது: நடந்ததை நடந்தபடி, திருட்டு என்ற சொல்லோடு, புதிதாக ஒரு மனு. முதல் மனுவை மாற்றி எழுதச் சொன்னதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள். சி.எஸ்.ஆர். நகல், ஆர்.சி. நகல், தெருவில் யார் வீட்டிலாவது கேமரா இருந்தால் அந்தப் பதிவு, எல்லாவற்றையும் சேர்த்து டி.சி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு நேரிலும் போங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். தொந்தரவு வரும் என்று பயப்படாதீர்கள், எழுத்தில் இருக்கிற ஆளைத் தொடுவது கஷ்டம்.

பெரிய கேள்விக்கு வருகிறேன். மாவட்டங்களில் ஒருவரை குண்டர் சட்டத்தில் போட வேண்டும் என்றால் எஸ்.பி. கேட்பார், கலெக்டர் முடிவு செய்வார். இரண்டு மேஜை, இரண்டு ஆள். சென்னையில் கேட்பதும் போலீஸ், உத்தரவு போடுவதும் கமிஷனர். குண்டர் சட்டம் என்கிற அந்த 1982-ஆம் வருடத்து 14-ஆம் எண் சட்டத்தில் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். கூட்டம் கூடத் தடை போடும் அதிகாரமும் 1888-ஆம் வருடத்து நகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவில் அவரிடமே இருக்கிறது. நன்னடத்தைப் பத்திரம் வாங்கி, மீறினால் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை டி.சி.க்களுக்குக் கொடுத்திருந்த அரசாணைகளை 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, பிடிப்பவரே நீதிபதியாகவும் உட்காரக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. என் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் அந்தப் பத்திரத்தால் வேலை இழந்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

போலீஸ் மேல் புகார் சொல்ல ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் கொண்டுவந்தபோது அந்த இடத்தில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தது, உறுப்பினர்களும் போலீஸ் உயரதிகாரிகள். என்னைக் கேட்டால் சென்னை போலீஸின் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த ஒரு நாற்காலியில் இருக்கிறது.

கடற்கரை_காற்று

வக்கீல் சார் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். பெரிய சம்பவம் ஒவ்வொன்றிலும் இதையேதான் பார்க்கிறோம். 2009 பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே போலீஸும் வக்கீல்களும் மோதினார்கள், நீதிபதி ஒருவருக்கே அடி விழுந்தது, உள்ளே இருந்த காவல் நிலையம் எரிந்தது. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக ஒரு வாரமாக அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கலைத்த அன்றைக்கே நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். மார்க்கெட்டில் கூடை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்குக் கமிஷன் அறிக்கையா சோறு போடும்?

2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன 25 வயதுப் பையன் மறுநாள் உயிரோடு இல்லை. முதலில் வலிப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் 13 காயம். அதற்கப்புறம்தான் கொலை வழக்காக மாறி, போலீஸ்காரர்கள் கைதானார்கள். அந்த அறிக்கை வெளியே வராமல் இருந்திருந்தால் வலிப்பு என்றே முடிந்திருக்கும், நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

புரசை_குமரன்

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை 2024 ஜூலை 5, மூன்றே நாளில் கமிஷனரை மாற்றினார்கள், அடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று ரவுடிகள் என்கவுன்ட்டரில் போனார்கள். எங்கள் ஏரியாவில் மாமூல் கேட்டு வருகிற கூட்டம் அதற்கப்புறம் அடங்கியது உண்மை. கடை வைத்திருக்கிற எங்களுக்கு அந்த நிம்மதி சின்ன விஷயம் இல்லை.

எழும்பூர்_வக்கீல்

குமரன், உங்கள் பயம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செத்துப்போனவன் வாயைத் திறக்க மாட்டான். அவனை ஏவியது யார், பணம் கொடுத்தது யார் என்பதும் அவனோடு போய்விடுகிறது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையில் சந்தேகப்பட்ட ஐந்து பேரை ஒரே ராத்திரியில் சுட்டார்கள். அவர்கள்தான் கொள்ளையடித்தார்கள் என்று எந்தக் கோர்ட்டிலும் யாரும் நிரூபிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. உங்கள் கடைக்கு வரும் ரவுடியை சாட்சி வைத்துத் தண்டிக்கிற போலீஸ் உங்களுக்கு வேண்டும். அதற்கும் முதல் படி எஃப்.ஐ.ஆர்.தான்.

ஏட்டையா_மகள்

எஃப்.ஐ.ஆர். போட்டாலும் அதைப் பத்திரமாக வைக்கத் தெரிய வேண்டும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் அந்தப் பெண்ணின் பெயரும் விலாசமும் இருந்த எஃப்.ஐ.ஆர். அப்படியே வெளியே கசிந்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை நியமித்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டிலேயே முதலாவதாக 1992-இல் ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்த ஊர் இது. அப்பா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டி.வி.யை நிறுத்தினார், அன்றைக்கு சாப்பிடவே இல்லை.

மழைத்தூறல்

எல்லாருக்கும் நன்றி. நேற்று நேராக கிரைம் இன்ஸ்பெக்டர் எங்கே என்று கேட்டுப் போனேன், மாடியில் அவர் அறையிலேயே இருந்தார், இத்தனை நாள் நான் கீழே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மனுவைப் பார்த்துவிட்டு "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்றார். அந்த நாளைக்காகக் காத்திருக்கப் போவதில்லை. டி.சி.க்குத் தபால் இன்று மத்தியானம் போய்விட்டது, ஒப்புகை அட்டையோடு. எதிர் வீட்டு அக்கா தன் கேமராப் பதிவைக் கொடுத்தார்கள், ராத்திரி 2.40-க்கு இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிகிறது. இந்த முறை மனுவின் முதல் வரியிலேயே 'திருடிச் சென்றுவிட்டார்கள்' என்று தம்பி தன் கையாலேயே எழுதினான்.