ஊறுகாய் ஜாடி மூன்றும் உடைந்து வந்திருக்கிறது, பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, பணம் திரும்ப வருமா?

மாங்கொட்டை, காரிமங்கலம்

எல்லாருக்கும் வணக்கம். காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறேன். கம்பெனி எல்லாம் இல்லை, நானும் என் நாத்தனாரும்தான். இந்த வருஷம் மாமனார் தோட்டத்தில் கிளிமூக்கு நன்றாகக் காய்த்துவிட்டது. மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் கேட்ட விலை காய் பறிக்கிற கூலிக்கே சரியாகப் போய்விடும். அதைக் கொடுப்பதற்கு ஊறுகாய்க்கு எடுத்துக்கொள் என்று மாமனாரே சொன்னார்.

வீட்டில் பழைய ஜாடி இரண்டுதான். பிளாஸ்டிக் டிரம்மில் போட்டால் உப்பும் புளிப்பும் ஊறி ஒரு வாடை வந்துவிடும், வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஆன்லைனில் 10 லிட்டர் பீங்கான் ஜாடி மூன்று ஆர்டர் போட்டேன். ஒன்று 1,330 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து 3,990. யூபிஐயில் பணம் கட்டியாயிற்று. அனுப்பியவர் உத்தரப்பிரதேசத்து குர்ஜாக்காரர். பீங்கானுக்குப் பேர்போன ஊராம், அதைப் பார்த்துத்தான் நம்பி வாங்கினேன்.

போன வியாழக்கிழமை தபாலில் வந்தது. தபால்கார அண்ணன் போன் செய்து, "பார்சல் கனமா இருக்குதும்மா, என் சைக்கிள்ல வராது, வந்து எடுத்துக்கோ" என்றார். வீட்டுக்காரரை அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கும்போதே உள்ளே கலகல என்று சத்தம் கேட்டதாம். மனிதர் அதையும் எக்ஸ்எல்லில் வைத்துக் கட்டி வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஏன் அங்கேயே பிரித்துப் பார்க்கவில்லை என்று கேட்டால், பொம்பளைப் பாத்திரம், நீ வந்து பிரிப்பாய் என்று விட்டுவிட்டேன் என்கிறார். என்ன சொல்ல.

பிரித்தால் ஒரே ஒரு அடுக்கு அட்டை. ஜாடிக்கு நடுவே பழைய இந்தி பேப்பரைக் கசக்கி அடைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 2,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிற பொருள்! ஒரு ஜாடி சில்லு சில்லாக, இன்னொன்றுக்கு வாய் விளிம்பு உள்ளங்கை அகலம் பெயர்ந்திருந்தது. மூன்றாவது முழுசாக இருந்தது, அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் விரலால் தட்டினால் நல்ல ஜாடி ணங் என்று சொல்ல வேண்டும், இது டொக் என்றது. சந்தேகப்பட்டுத் தண்ணீர் ரொப்பி, அடியில் தினசரிப் பேப்பரை விரித்து, ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் பேப்பரில் வட்டமாக ஈரம். கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கேயோ இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆப்பில் புகார் கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது: அன்பாக்ஸிங் வீடியோ இல்லாததால் ஏற்க முடியாது, தவிர இந்தப் பொருளுக்கு மாற்று மட்டும்தான், ரீஃபண்ட் கிடையாது. சாட்டில் போனால் அந்த எந்திரம் சொன்னதையே சொல்கிறது. 3,990 ரூபாய் எனக்கு விளையாட்டுக் காசு இல்லை. தபால் ஆபீசில் கேட்பதா, கடைக்காரனைப் பிடிப்பதா, விட்டுத் தொலைப்பதா?

ஓசூர்க்காரன்

அக்கா, முதல் காரியம் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில்லும் இந்திப் பேப்பரும் உட்பட அப்படியே இருக்கட்டும். லேபிள் தெரிகிற மாதிரி பெட்டியின் ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். லேபிளில் தபால் எண், தேதி, எடை எல்லாம் இருக்கும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்எல்லில் வரும்போது உடைந்தது என்று அவன் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

மாங்கொட்டை

கோபம் எல்லாம் இல்லை தம்பி, என் மாமியாரும் இதையேதான் கேட்டார்! வண்டியில் ஏற்றும் முன்னாடியே சத்தம் கேட்டது, தபால்கார அண்ணனும் "உள்ளே என்னப்பா, சோழியா" என்று கேட்டாராம். பெட்டி பத்திரமாக இருக்கிறது. சில்லை மட்டும் பேரன் மிதித்துவிடுவான் என்று சாக்கில் கட்டிப் பரண் மேல் வைத்தேன்.

ஓய்வூதியன், தர்மபுரி

அம்மா, நான் தபால் துறையில் 34 வருஷம் இருந்துவிட்டு வந்தவன். எங்கள் ஆட்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பீங்கானை ஒரு அட்டையில் போட்டு அனுப்பினால் அது எத்தனை பையில், எத்தனை லாரியில் ஏறி இறங்கும் என்று அனுப்புகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடைந்தது எந்த ஊரில் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

நீங்கள் தபால் ஆபீசுக்கு அலைய வேண்டாம். பார்சலைப் புக் செய்தவர் குர்ஜாக்காரர், கட்டணம் கட்டியதும் அவர், இழப்பீடு கேட்க வேண்டியவரும் அவர்தான். அதுவும் எவ்வளவு? என் காலத்தில் ஸ்பீடு போஸ்டுக்குக் கட்டிய கட்டணத்தில் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. இன்ஷ்யூர் செய்து அனுப்பினால் கதை வேறு. 1898ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே தபாலில் தொலைந்தால், சேதமானால் துறைக்குப் பொறுப்பு மிகக் குறைவு. 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிற புதுச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே தபாலில் உடைந்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று அவன் சொன்னால் மயங்காதீர்கள். அது அவனுக்கும் தபாலுக்கும் நடுவில் உள்ள கணக்கு. நீங்கள் காசு கொடுத்தது முழு ஜாடிக்கு.

கையெழுத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். அது பார்சல் கைக்கு வந்தது என்பதற்குத்தான், உள்ளே இருப்பது நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு அல்ல. இனிமேல் பெட்டி நசுங்கியிருந்தால், டேப் மேல் டேப் ஒட்டியிருந்தால், குலுக்கினால் சத்தம் கேட்டால், கையெழுத்துக்கு முன்பே ஓபன் டெலிவரி வேண்டும் என்று போஸ்ட் மாஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் முன்னால் பிரித்து, உள்ளே இருப்பதை எழுதி வைப்பார்கள். அதைவிடப் பெரிய வீடியோ எதுவும் இல்லை. இதைக் கேட்பவர்களை என் சர்வீசில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோர்ட் வாசல்

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வீடியோ இருந்தால்தான் பணம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது அந்தத் தளம் தனக்கு வசதியாக வைத்துக்கொண்ட நிபந்தனை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலை 23 அன்று ஆன்லைன் வணிகத்துக்கென்று தனி விதிகள் வந்தன. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக் கூடாது என்பது அதில் எழுதியே இருக்கிறது. மாற்று மட்டும்தான் என்பதும் இதற்கு முன்னால் நிற்காது. உடையாத ஜாடியை அதே ஒற்றை அட்டையில் மறுபடி அனுப்பி என்ன பிரயோஜனம்?

சாட் எந்திரத்தோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். தளத்தின் அடிப்பக்கத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒருவர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். அவருக்கு எழுதினால் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். கடிதம் நீளமாக வேண்டாம். அழுகையும் சாபமும் வேண்டவே வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

"இந்தத் தேதியில் இந்த ஆர்டர் எண்ணில் மூன்று ஜாடி வாங்கினேன். வியாழக்கிழமை வந்தது. ஒன்று நொறுங்கியது, ஒன்று விளிம்பு பெயர்ந்தது, ஒன்று கசிகிறது. மறுநாளே புகார் கொடுத்தேன், எண் இது. வீடியோ இல்லை என்று மறுத்தீர்கள். பேக்கிங் போட்டோ, ஜாடி போட்டோ இணைத்திருக்கிறேன். 3,990 ரூபாயை நான் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்பவும்."

அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். அவர்கள் கோர்ட் இல்லை, உத்தரவு போட மாட்டார்கள். உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய தளங்கள் பல அதற்கு மசிந்துவிடும்.

ஒரு சிக்கல் வரலாம். விற்பதற்காக ஊறுகாய் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று அவர்கள் ஒரு கல்லை எடுத்துப் போடுவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தன் உபயோகத்துக்கு வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நீங்களும் நாத்தனாரும் கையால் போடுகிற ஊறுகாய் அதில் அடங்கும் என்று தைரியமாக வாதாடலாம். கடிதத்தில் நீங்களாக அதை இழுக்க வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே போடலாம், குர்ஜாவுக்கு ரயில் ஏற வேண்டாம். 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம். நுகர்வோர் வழக்குக்கென்று அரசு நடத்தும் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 3,990க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பர்கூரான்

மேலே சொன்னவர்கள் எல்லாம் சரி. ஒன்றே ஒன்று விட்டுவிட்டார்கள். தயவுசெய்து கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். என் சித்தப்பா ஒரு 700 ரூபாய் செருப்புக்கு அப்படித் தேடிப் போன் போட்டார். எதிரில் பேசியவன் ஐயா ஐயா என்று குழைந்து, ரீஃபண்டுக்கு ஒரு ஆப் ஏற்றச் சொன்னான். போன் திரை அவனுக்குத் தெரிகிற ஆப். அப்புறம் பின் நம்பரைப் போடுங்கள், பணம் வரும் என்றான். 18,000 போனது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு என்று சித்தப்பா இப்போது எல்லாருக்கும் பாடம் எடுக்கிறார். இப்படி யாருக்காவது ஆனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்க வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அவர் மறுநாள் மதியம்தான் அடித்தார்.

மாங்கொட்டை

நான் ஏற்கெனவே ஒரு நம்பரைத் தேடி எடுத்து வைத்திருந்தேன் தம்பி. நல்லவேளை, அடிக்கவில்லை. அழித்துவிட்டேன். அண்ணன் மகனை உட்காரவைத்து இன்றைக்கே கடிதம் எழுதுகிறேன். 1915க்கும் பேசினேன், தமிழில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு ஒரு எண் கொடுத்தார்.

மாங்கொட்டை

வந்து சொல்லாமல் போய்விட்டேன் என்று யாரும் திட்ட வேண்டாம், மாங்காய் வெட்டிக் கை எல்லாம் பால் பட்டு எரிந்துகொண்டிருந்தது.

கடிதம் போன மறுநாளே புகார் கிடைத்தது என்று பதில் வந்தது. நாலாம் நாள் ஒருவர் போன் செய்தார். மனுஷக் குரல்! இரண்டு ஜாடிக்கு 2,660 தருகிறோம், மூன்றாவது போட்டோவில் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நான் ஈரம் பட்ட பேப்பரைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். வட்டக் கறை அப்படியே இருந்தது, மேலே தேதியும் தெரிந்தது. ஜாடியை மறுபடி ரொப்பி, புதுப் பேப்பர் மேல் வைத்து, சாயங்காலம் ஒரு படம், விடிந்ததும் ஒரு படம், பழைய பேப்பர் ஒரு படம் என்று மூன்றையும் அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. அப்புறம் முழுப் பணமும் அனுப்பியாயிற்று என்று செய்தி.

ஆனால் கணக்கில் ஏறவில்லை. அண்ணன் மகன் சொன்னபடி, பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்ணை அவர்களிடம் கேட்டு வாங்கி பாங்கில் காட்டினேன். மறுநாள் காலை 3,990 வந்து நின்றது. உடைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள்.

தர்மபுரியில் ஒரு பாத்திரக்கடையில் 8 லிட்டர் ஜாடி இரண்டு கிடைத்தது. கடைக்காரர் முன்னாலேயே தட்டித் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லி வாங்கினேன். பஸ்ஸில் ஒன்று என் மடியில், ஒன்று நாத்தனார் மடியில். காய் உப்பில் ஊறிக்கொண்டிருக்கிறது. கசிகிற ஜாடியில் கற்பூரவல்லி வைத்தேன், துளிர்த்துவிட்டது. அதற்குத் தனியாக ஓட்டை போட வேண்டிய வேலைகூட இல்லை.

ஓய்வூதியன், தர்மபுரி

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஊறுகாய் தயாரானதும் சொல்லுங்கள், ஒரு கிலோ எனக்கு. தபாலில் வேண்டாம், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.