விவாக்ஸ் ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு குளோபின்: வடிகட்டியில் கோளாறா?

ஆய்வுமாணவி_தண்டையார்பேட்டை:
வணக்கம். ராயபுரம், காசிமேடு பக்கத்து விவாக்ஸ் மலேரியா நோயாளிகளிடம், மாத்திரை தொடங்கும் முன் 5 மி.லி. ரத்தம் எடுத்து, செல்லுலோஸ் வடிகட்டியில் வெள்ளணுக்களை நீக்கி ஆர்.என்.ஏ. (வேலை செய்யும் மரபணுவின் நகல்) வரிசை பார்க்கிறோம். அதிகம் வெளிப்படும் மரபணுக்களிலிருந்து தடுப்பூசி இலக்குகளைத் தேர்வதுதான் நோக்கம். முதல் நான்கு மாதிரியிலும் பெரும்பங்கு மனித குளோபின் (ஹீமோகுளோபினின் புரதப் பகுதி) ஆர்.என்.ஏ., ஒட்டுண்ணியுடையது சொற்பம். எங்கே தப்பு?

ராயபுரம்_ஒட்டுண்ணியியல்:
வடிகட்டி மேல் பழி போடாதீங்க. அது வெள்ளணுவைத்தான் நிறுத்தும். விவாக்ஸ் குடியேறுவது ரெட்டிகுலோசைட்டில். கரு போன பிறகும் அந்த இளம் சிவப்பணுவுக்குள் குளோபின் ஆர்.என்.ஏ. மிச்சம் கிடக்கும், ஒட்டுண்ணியோடு கூடவே வரும். இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்துக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்தால் இங்கேதான் இடிக்கும். ஆர்.என்.ஏ. பிரித்த பின் குளோபினை நீக்கும் கிட் ஒன்று சேருங்க.

வடிகட்டிய ரத்தத்தில் மெல்லிய பூச்சு போட்டு ஜீம்சா சாயத்தில் பாருங்க. வெள்ளணு தென்பட்டால் மறுபடி வடிகட்டணும். ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் கரைசலான ட்ரைசால், அணுப் படிவைப் போல் பத்து மடங்கு, 37 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்ததை ஊற்றினால் கட்டி தட்டிவிடும், கட்டிக்குள் மாட்டிய ஆர்.என்.ஏ. சிதையும். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் அணுக்களை நன்றாகக் கழுவணும். ஹெப்பாரின் மிச்சம் இருந்தால், ஆர்.என்.ஏ.வை சி.டி.என்.ஏ. (டி.என்.ஏ. நகல்) ஆக்கும் நொதியையே தடுக்கும்.

வரிசை_பகுப்பாய்வு:
குளோபின் போனாலும் பெரிய சிக்கல் அப்படியே நிற்கும். ஃபால்சிபாரத்தில் முதிர்ந்த பருவங்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதால், கையில் எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் இளம் வளையப் பருவம்தான். விவாக்ஸில் எல்லாப் பருவமும் கலந்து ஓடும். ஒருவருக்கு ட்ரோஃபோசாய்ட் (வளரும் பருவம்) அதிகம், இன்னொருவருக்கு ஸ்கைசான்ட் (கரு பிரிந்து பெருகும் பருவம்) அதிகம் என்றால், நீங்கள் காணும் வித்தியாசம் பருவக் கலவையின் வித்தியாசமே. சிவப்பணுவுக்குள் நுழைய உதவும் டஃபி பிணைப்புப் புரதத்தின் மரபணு ஸ்கைசான்ட்டில்தான் உச்சம் தொடும். பூச்சில் 200 ஒட்டுண்ணியைப் பருவவாரியாக எண்ணி, அந்த விகிதத்தைப் பகுப்பாய்வில் சேருங்கள். எண்ணாத மாதிரியை ஒப்பிடவே வேண்டாம்.

இன்னொன்று: ஆர்.என்.ஏ. ஏராளம் என்பதால் புரதமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பி.வி.எஸ்.25 மரபணுவின் ஆர்.என்.ஏ. நோயாளி ரத்தத்திலுள்ள கேமிட்டோசைட்டிலேயே (கொசுவுக்குத் தொற்றும் பாலினப் பருவம்) கிடைக்கும். புரதமோ கொசுவின் குடலுக்குள் போன பிறகுதான் மேற்பரப்பில் வரும். பரவலைத் தடுக்கும் தடுப்பூசிக்கு அது நல்ல இலக்கு. நம் மாடித் தண்ணீர்த் தொட்டியில் முட்டையிடும் ஸ்டீபென்சி கொசுவின் வயிற்றில் நடக்கும் வேலை அது. ஆனால் காய்ச்சலைத் தடுக்கும் தடுப்பூசிப் பட்டியலில் அதைப் போட்டால் தவறு.

ஆய்வுமாணவி_தண்டையார்பேட்டை:
நன்றி. ஸ்கைசான்ட் பருவம் வரை வளர்த்து எடுக்க, 5 மி.லி. போதுமா?

ராயபுரம்_ஒட்டுண்ணியியல்:
இரண்டாகப் பிரிங்க. வடிகட்டியதும் 1 மி.லி. உடனே ட்ரைசாலுக்கு, மீதியை 37 டிகிரியில் வளர்ப்புக்கு. விவாக்ஸுக்குத் தொடர் வளர்ப்பு கிடையாது, ஒரே சுற்றுதான். அதனால் 18 மணி நேரத்திலிருந்து அடிக்கடி பூச்சு பாருங்க. பெரும்பாலானவற்றில் நாலுக்கு மேல் கரு தெரிந்ததும் எடுத்துடணும். விட்டால் வெடித்துச் சிதறி, புதுச் சிவப்பணுவுக்குள் நுழைய வேண்டிய மெரோசாய்ட் வீணாகும்.