தமிழ்ப்பள்ளியில சுற்றுச்சூழல் பாடம் எடுக்கப் போறோம், எப்படி ஆரம்பிக்கிறது?

குளுகோர்_மாணவி:
வணக்கம் எல்லாருக்கும். நான் பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல ரெண்டாம் வருசம். நாங்க ஒரு எட்டு பத்து பேரு சேர்ந்து தீவுல இருக்கிற தமிழ்ப்பள்ளியில நாலாம் அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு கோகு (புறப்பாட) நேரத்துல சுற்றுச்சூழல் பாடம் எடுக்கலாம்னு இருக்கோம். ஸ்லைட் எல்லாம் ரெடி, குளோபல் வார்மிங், ஓசோன், பனிக்கரடி எல்லாம் இருக்கு. ஒரு பள்ளியில போய் கேட்டதுக்கு ஹெச்எம் (தலைமையாசிரியர்) லெட்டர் கொண்டாங்க பாப்போம்னுட்டாங்க. அதுல என்னதான் எழுதறது? இன்னொன்னு, இடைநிலைப்பள்ளி ஃபார்ம் ஒன்லேர்ந்து சயின்ஸ மலாய்லயும் இங்கிலீஷ்லயும் படிச்சுட்டோமா, தமிழ்ல கதை பேசுவோம், பாடம்னு வந்தா வாய் வரமாட்டேங்குது. ஐடியா குடுங்க ப்ளீஸ்.

சாக்பீஸ்_டீச்சர்:
நல்ல விசயம்மா. லெட்டர் உங்க ஃபேக்கல்டி லெட்டர்ஹெட்ல ஹெச்எம் பேருக்கு இருக்கணும், பொறுப்பா ஒரு லெக்சரர் கையெழுத்து, எத்தனை பேரு வர்றீங்க, எந்த வகுப்பு, எந்த நாள், என்ன செய்யப் போறீங்க, அவ்வளவுதான். பிபிடிக்கு (மாவட்டக் கல்வி இலாகாவுக்கு) அனுப்பணுமான்னு ஹெச்எம்மே சொல்லுவாங்க. பிள்ளைங்க முகம் தெரியிற மாதிரி படம் எடுத்து டிக்டாக்ல போடமாட்டோம்னு ஒரு வரி சேருங்க, அத பாத்தாலே பாதி சம்மதம் வந்துரும். ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021ல எடுத்துட்டாலும் எங்களுக்கு வகுப்பு மதிப்பீட்டு வேலை தலைக்கு மேல இருக்கு, அதனால வகுப்பு ஆசிரியரையும் உக்கார வச்சு அவங்க பாடத்தோட ஒட்டி செய்யுங்க. தமிழுக்கு பயப்படாதீங்க, நாலாம் ஆண்டு அறிவியல் புத்தகத்த பள்ளியிலயே ரெண்டு வாரம் கடனா கேளுங்க, பிள்ளைங்க படிக்கிற சொல்லு எல்லாம் அதுலயே இருக்கு.

பட்டர்வொர்த்_காரன்:
கோபிச்சுக்காதீங்க, நான் ஒளிவுமறைவு இல்லாம பேசுறவன். என் மகன் பள்ளிக்கும் இப்படி ஒரு குரூப் வந்துச்சு, ஒரே கலர்ல டீசர்ட், ஒரு மணி நேரம் ஸ்லைட், ஒரு கேள்வி பதில், குரூப் போட்டோ, போயிட்டாங்க. வீட்டுக்கு வந்தவன்கிட்ட என்னடா படிச்சேன்னு கேட்டா கரடி பாவம்ப்பாங்கிறான். வீட்டு வாசல்ல 2017 நவம்பர் வெள்ளம் வந்து போச்சு, அதப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பத்து பள்ளிக்கு ஒரு தடவை போறதுக்கு ஒரே பள்ளி ஒரே வகுப்புக்கு திரும்பத் திரும்ப போங்க. சர்டிஃபிகேட்டுக்குன்னா வேணாம் லா.

குளுகோர்_மாணவி:
அண்ணே கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கு, ஆனா நியாயம். கரடிய எடுத்துர்றேன். அப்ப எத வைக்கிறது?

சாக்பீஸ்_டீச்சர்:
கொசு. சிரிக்காதீங்க, எங்க பிள்ளைங்கள்ல டெங்கியில படுக்காத குடும்பத்த தேடணும். டெங்கிய பரப்புற ஏடிஸ் கொசு எங்க முட்டை போடும்னு கேளுங்க, வகுப்பே லோங்காங்னு (சாக்கடைன்னு) கத்தும். அழுக்குத் தண்ணியில பெருகறது பெரும்பாலும் வேற கொசு, ஏடிஸுக்கு தெளிஞ்சு தேங்கி நிக்கிற தண்ணி வேணும், பூந்தொட்டி தட்டு, பழைய டயர், கூரை தண்ணிக்கால்வாய், டீச்சர் ரூம்ல இருக்கிற மணிபிளாண்ட் பாட்டில் கூட. நம்ம வெயிலுக்கு முட்டையிலேர்ந்து கொசுவாக ஏழு பத்து நாள் போதும், அதான் வாரம் ஒருதடவை பாக்கச் சொல்றது. தண்ணிய கொட்டினா முடிஞ்சதுன்னு நினைப்பாங்க, முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காய்ஞ்சு கிடந்தும் மறுபடி தண்ணி பட்டா பொரியும், அதனால தேய்ச்சுக் கழுவணும். இதெல்லாம் பிள்ளைங்களே பள்ளிய சுத்தி தேடி எழுதட்டும், ஜென்டிக் (கொசுப்புழு) கிடைச்சா மூடி போட்ட பாட்டில்ல வச்சு பாத்துட்டு அன்னிக்கே சுடுதண்ணி ஊத்திருங்க.

மண்புழு_மாமா:
நான் பயனீட்டாளர் சங்கத்து இயற்கை விவசாய வகுப்புக்கு போனவன், அதனால என் ஓட்டு கம்போஸ்ட்டுக்கு. பினாங்குல 2016லேர்ந்து வீட்டுக் குப்பைய பிரிச்சுப் போடச் சொல்றாங்க, பிரிச்சது அப்புறம் எங்க போவுதுன்னு பிள்ளைங்க பாத்ததில்ல. கன்டீன் காய்கறித் தோலு ஒரு பங்கு, காய்ஞ்ச இலை ரெண்டு மூணு பங்கு, ஓட்டை போட்ட பக்கெட். நாத்தம் வந்தா ஈரம் அதிகம், இலை சேருங்க, கிளறி விடுங்க. கறி மீனு சோறு போடாதீங்க, எலி வரும். ரெண்டு மூணு மாசம் ஆவும், அதனால பட்டர்வொர்த்காரரு சொன்ன மாதிரி நீங்க திரும்ப வந்தே ஆவணும்.

ஏர்ஈத்தாம்_ராஜா:
தண்ணியையும் சேத்துக்குங்க தங்கச்சி. குழாய்த் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா தீவுல பெரியவங்களே ஏர் ஈத்தாம் அணைன்னுதான் சொல்லுவாங்க. பினாங்கு தண்ணியில 80 சதவீதத்துக்கு மேல சுங்கை மூடாவுலேர்ந்து, அக்கரையில சுத்தம் பண்ணி கடலுக்கடியில குழாய் போட்டு தீவுக்கு வருது. ஆத்தோட மேல்பக்கம் பக்கத்து மாநிலம் கெடாவுல. அங்க காடு அழிஞ்சா இங்க குழாய்க்கு என்ன ஆவும்னு ஒரு மேப்ப போட்டு கேளுங்க, அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்க நல்லா வாதாடுவாங்க.

குளுகோர்_மாணவி:
எல்லாருக்கும் நன்றி! ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, மொத வாரம் கொசு, அப்புறம் பக்கெட். டீச்சர், லெட்டர்ல பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போய் தேடுவோம்னு எழுதலாமா?

சாக்பீஸ்_டீச்சர்:
பள்ளி வேலிக்குள்ளன்னு எழுதுங்கம்மா. வேலிய தாண்டினா பெத்தவங்க கையெழுத்து, அதுக்கு வேற ஃபார்ம், ஹெச்எம் அந்த பேச்சே வேணாம்னுருவாங்க.